ஹோட்டல் பார்சல் டப்பா, கண்ணாடி டப்பா, எவர்சில்வர் கேரியர்: மூணையும் யூஸ் பண்ணிட்டு எழுதற ரிவ்யூ

இந்த ரிவ்யூல வர்ற மொதல் பொருளுக்கு பிராண்டும் இல்ல, விலையும் இல்ல. ஹோட்டல்ல குருமா, சாம்பார், பிரியாணி பார்சல் வாங்கினா உருண்டையா கண்ணாடி மாதிரி தெரியற டப்பால மூடி போட்டு வருமே, அதேதான். யாரும் கடைக்குப் போயி காசு குடுத்து வாங்கறதில்ல, ஆனா இன்னிக்கு நம்ம கிச்சன்ல எண்ணிப் பாத்தா அதிகமா இருக்குற பாத்திரம் இதுதான். எங்க வீட்ல இட்லி மாவு, தேங்கா சட்னி, ஊறுகா, உப்பு, மீந்த ரசம், ஃப்ரீசர்ல வெக்கிற பட்டாணி எல்லாத்துக்கும் இந்த டப்பாதான். காசு குடுத்து வாங்கற ஒவ்வொரு சாமானுக்கும் நூறு ரிவ்யூ படிச்சுட்டு வாங்கறோம், தினமும் சாப்பாடு வெக்கிற இதுக்கு ஒரு ரிவ்யூ கூட நான் பாத்ததில்ல, அதான் நானே எழுதறேன். கூடவே இதுக்கு பதிலா நான் வாங்கின கண்ணாடி டப்பா செட்டப் பத்தியும், எவர்சில்வர் கேரியரப் பத்தியும் சொல்றேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பரவால்லன்னா படிங்க.

மொதல்ல டப்பாவத் திருப்பி அடியப் பாருங்க. ஒரு முக்கோணம், அதுக்குள்ள 5ன்னு நம்பர் இருக்கும். அது பாலிப்ரொப்பிலீன். 1ன்னு இருந்தா பெட் பாட்டில் பிளாஸ்டிக், 2 எச்டிபிஈ, 3 பிவிசி, 4 எல்டிபிஈ, 6 பாலிஸ்டைரீன் (தெர்மாகோல் இந்த வகைதான்), 7ன்னா மத்த எல்லாம், பாலிகார்பனேட் உட்பட. நிறைய பேரு இந்த நம்பர "சேஃப்டி மார்க்"னு நெனச்சுக்கறாங்க, அப்படி இல்லவே இல்ல. 1988ல அமெரிக்கால பிளாஸ்டிக் தொழில்காரங்க சங்கம் ரீசைக்கிள் பண்றப்போ வகை பிரிக்கறதுக்காகக் கொண்டு வந்த நம்பர் அது, இதுல சூடா சாப்பாடு வெக்கலாமா கூடாதான்னு அது சொல்லாது. சாப்பாட்டுக்கு ஏத்ததான்னு பாக்க தனியா ஒரு டம்ளரும் முள்கரண்டியும் போட்ட படம் இருக்கும், மைக்ரோவேவ்க்கு அலை அலையா கோடு போட்ட படம் இருக்கும். எங்க வீட்ல சேந்திருந்த டப்பாங்கள எல்லாம் கவுத்துப் போட்டுப் பாத்தேன், பாதிக்கு மேல வெறும் 5தான் இருந்துச்சு, சிலதுல அதுவும் இல்ல, யாரு செஞ்சாங்கன்னு ஒரு பேரும் இல்ல.

இப்ப எல்லாரும் பயப்படற பிபிஏ விஷயத்துக்கு வர்றேன். பிபிஏன்னா பிஸ்ஃபீனால் ஏ. ஒரு விஷயத்தத் தெளிவா சொல்லிடறேன், பாலிப்ரொப்பிலீன் செய்யறதுக்கு பிபிஏ தேவையே இல்ல. அதனால 5 நம்பர் டப்பா மேல "பிபிஏ ஃப்ரீ"ன்னு பெருசா ஸ்டிக்கர் ஒட்டி நூறு ரூபா சேத்து வித்தா அந்த ஸ்டிக்கருக்காக நீங்க காசு குடுக்க வேண்டியதில்ல, அந்த வகை பிளாஸ்டிக்ல அது மொதல்லயே கிடையாது. பிபிஏ இருக்குறது பாலிகார்பனேட்ல, அப்புறம் தகர டின்னுக்கு உள்பக்கம் பூசற எபாக்ஸி கோட்டிங்ல. பாலிகார்பனேட்னா கல்லு மாதிரி கெட்டியா பளபளன்னு இருக்குமே, பழைய ஃபீடிங் பாட்டில், நம்ம வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் தண்ணி கேன்ல நிறைய, அதெல்லாம்.

பிபிஏ மேல சந்தேகம் இன்னிக்கு நேத்து வந்ததில்ல. 1930கள்லயே லண்டன்ல சார்லஸ் டாட்ஸ்ங்கற விஞ்ஞானி இது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாதிரி வேல செய்யுதுன்னு காட்டிட்டாரு. அதுக்கப்புறம்தான் அத வெச்சு பிளாஸ்டிக் செய்ய ஆரம்பிச்சாங்க, அதான் எனக்கு ஆத்திரமே. 1998ல அமெரிக்கால ஒஹையோல பேட்ரிசியா ஹன்ட்னு ஒரு ஆராய்ச்சியாளரோட லேப்ல எலி வெச்சிருந்த பாலிகார்பனேட் கூண்ட தெரியாம காரமான க்ளீனர் போட்டுக் கழுவிட்டாங்க, பிளாஸ்டிக் அரிச்சு பிபிஏ வெளிய வந்து, அந்த எலிங்களோட கருமுட்டைல குரோமோசோம் கோளாறு திடீர்னு கூடிடுச்சு. அத வருஷக்கணக்கா சரிபாத்து 2003ல வெளியிட்டாங்க. அதுக்கப்புறம்தான் உலகம் முழிச்சுது. ஐரோப்பிய யூனியன் 2011லயும், அமெரிக்கா 2012லயும் ஃபீடிங் பாட்டில்ல பிபிஏவ நிறுத்துனாங்க. 2015ல பிரான்ஸ் சாப்பாடு படற எந்தப் பேக்கிங்லயும் கூடாதுன்னுச்சு. நம்ம நாட்டுலயும் ஃபீடிங் பாட்டிலுக்கான பிஐஎஸ் (இந்தியத் தர அமைப்பு) தரத்துல பாலிகார்பனேட்ட எடுத்துட்டாங்க.

2023 ஏப்ரல்ல ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒண்ணு சொல்லுச்சு, அத முழுசா கவனிங்க. ஒரு மனுசன் தெனமும் எவ்வளவு பிபிஏ உள்ள போனா பரவால்லன்னு 2015ல சொன்ன அளவு, உடம்பு எடைல ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். 2023ல அத 0.2 நானோகிராமாக் கொறச்சுட்டாங்க (ஆயிரம் நானோகிராம் சேந்தாத்தான் ஒரு மைக்ரோகிராம்). 20,000 மடங்கு கம்மி! எட்டு வருஷத்துல. இதுக்கு முக்கியக் காரணம் உடம்போட எதிர்ப்பு சக்திய இது பாதிக்குதுங்கறதுதான். அந்தக் கணக்குப்படி பாத்தா ஐரோப்பால பெரும்பாலான ஜனங்க ஏற்கனவே அந்த அளவத் தாண்டிட்டாங்க. 2024 டிசம்பர்ல ஐரோப்பிய யூனியன் சாப்பாடு படற பொருள்ல பிபிஏவுக்கு மொத்தமா தடை போட்டு 2025 ஜனவரில அமலுக்குக் கொண்டு வந்தாங்க, கம்பெனிங்க மாறிக்க அவகாசம் குடுத்து. அதே சமயம் ஜெர்மனியோட சொந்த ஆபத்து மதிப்பீட்டு நிறுவனம் இந்த அளவு ரொம்பக் கடுமைன்னு சொல்லி 200 நானோகிராம் போதும்னுச்சு, ஆயிரம் மடங்கு வித்தியாசம். விஞ்ஞானிங்களுக்குள்ளயே இவ்வளவு தகராறு இருக்குறப்போ வாட்ஸ்அப்ல "பிளாஸ்டிக்ல சாப்ட்டா கேன்சர் நிச்சயம்"னு வர்ற ஃபார்வர்டும் தப்பு, "இதெல்லாம் சும்மா பயமுறுத்தல், காலங்காலமா சாப்பிடறோமே"ன்னு சொல்றதும் தப்பு. ஜெர்மனிக்காரங்க சொன்ன அளவக் கூட எடுத்துக்கங்க, அதுவும் 2015ல இருந்த பழைய அளவுல இருந்து 20 மடங்கு கீழதான. ரெண்டு பேரும் கீழ எறங்கற பக்கம்தான் போறாங்க, யாரும் மேல ஏத்தல.

சரி, பார்சல் டப்பால பிபிஏ இல்லன்னு சொல்லிட்டியே, அப்புறம் என்ன பிரச்சனைன்னு கேப்பீங்க. எங்க அத்தையும் அதத்தான் கேட்டாங்க, "ஏங்கண்ணு, நல்ல டப்பாவ எதுக்குத் தூக்கிப் போடறே"ன்னு.

எந்தப் பிளாஸ்டிக்கும் வெறும் பிளாஸ்டிக் மட்டும் கிடையாது. மெஷின்ல உருக்கறப்போ கருகாம இருக்க ஒண்ணு, அச்சுல இருந்து வழுக்கிட்டு வர ஒண்ணு, வெயில்ல வெடிக்காம இருக்க ஒண்ணு, கலருக்கு ஒண்ணுன்னு சேக்கறாங்க. இதெல்லாம் பிளாஸ்டிக்கோட கெட்டியாப் பிணைஞ்சு இருக்காது, நடுவுல சும்மா மாட்டிட்டு இருக்கும், சூடும் எண்ணெயும் கெடைச்சா நகந்து வெளிய வரும். இது பாலிப்ரொப்பிலீன்லயும் நடக்குதுங்கறதுக்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கு. 2008ல கனடால ஆல்பர்ட்டா யுனிவர்சிட்டி லேப்ல ஒரு பரிசோதனை முடிவு மாறி மாறி வந்துட்டே இருந்துச்சு, என்னடான்னு தோண்டிப் பாத்தா அவங்க யூஸ் பண்ணின பாலிப்ரொப்பிலீன் ட்யூப்ல இருந்து ஒலியமைட் மாதிரி வழுக்கறதுக்காக சேக்கற கெமிக்கல் தண்ணில கலந்து, அவங்க சோதிச்ச என்சைமையே தடுத்துட்டு இருந்துச்சு. இது சயின்ஸ் ஜர்னல்ல வந்தது. லேப்ல ரொம்ப சுத்தமான சாமான்னு நம்பி வாங்கற ட்யூப்லயே அப்படின்னா, பேரே இல்லாத கம்பெனி டப்பால என்னென்ன சேத்திருக்காங்கன்னு நமக்கு யாரு சொல்லுவா. 2024ல நார்வே தலைமைல ஐரோப்பிய விஞ்ஞானிங்க ஒரு பெரிய கணக்கு எடுத்தாங்க, பிளாஸ்டிக்ல இருக்குற, இருக்கக்கூடிய கெமிக்கல் 16,000க்கும் மேல, அதுல 4,200க்கு மேல ஆபத்தானதுன்னு. பாதிக்கு மேல ஆபத்து இருக்கா இல்லையான்னு சொல்ற அளவுக்குத் தகவலே இல்லையாம்.

நம்ம நாட்டுல சட்டம் இல்லாம இல்ல. நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ 2018ல கொண்டு வந்த பேக்கேஜிங் விதிப்படி பிளாஸ்டிக்ல இருந்து சாப்பாட்டுக்குள்ள மொத்தமா போகக்கூடிய அளவு ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராம். ஆனா இது மொத்த எடைக்கான கணக்கு, அதுக்குள்ள எந்தக் கெமிக்கல் எவ்வளவுன்னு அது சொல்லாது. ஹார்மோன் மாதிரி வேல செய்யற பொருளுக்கு மில்லிகிராம் எல்லாம் ரொம்பப் பெரிய அளவு. அதோட ஒருதரம் யூஸ் பண்றதுக்குன்னு செஞ்ச டப்பாவ நாம ஸ்க்ரப் போட்டுத் தேச்சு, வெந்நில அலசி, வெயில்ல காயவெச்சு, மறுபடி கொழம்பு ஊத்தி, மறுபடி தேச்சு... இதுக்காக அந்த டப்பாவ யாரும் டிசைன் பண்ணல. வெள்ளையா மங்கிப் போயி, கோடு கோடா கீறல் விழுந்து, மூடி ஓரத்துல விரிசல் விட்டிருக்கும் பாருங்க, அதெல்லாம் பிளாஸ்டிக் சிதையற அடையாளம்.

உங்க வீட்லயே தெரிஞ்சுக்க ஒரு விஷயம் இருக்கு, மஞ்சள் கறை. சாம்பார் வெச்ச பார்சல் டப்பாவ எவ்வளவு சோப்புப் போட்டுத் தேச்சாலும் மஞ்சளாவே நிக்கும், எவர்சில்வர்லயும் கண்ணாடிலயும் அப்படி நிக்காது. மஞ்சள்ல இருக்குற குர்குமின் எண்ணெய்ல கரையறது, அது சூடான எண்ணெயோட சேந்து பிளாஸ்டிக்குக்கு உள்ளயே ஊறிப் போயிடுது, அதனாலதான் மேல தேச்சா போகறதில்ல. நம்ம கொழம்புல இருந்து பிளாஸ்டிக்குள்ள ஒரு பொருள் போக முடியுதுன்னா பிளாஸ்டிக்ல இருந்து கொழம்புக்குள்ளயும் வர முடியும், வழி ஒண்ணுதான். ஊறுகா வாசன போகவே போகாத டப்பாவும் இதே கதைதான். நம்ம சாப்பாட்டுல சூடு, எண்ணெய், புளி, உப்பு நாலும் ஒண்ணா இருக்கு, சாண்ட்விச் வெக்கிற ஊருக்காரங்களோட ஒப்பிட்டா நமக்குத்தான் இதுல கவனம் அதிகம் வேணும்னு நான் நெனக்கிறேன்.

சூடு எவ்வளவு பெரிய வித்தியாசம் பண்ணுதுன்னு 2020ல அயர்லாந்துல டப்ளின் ட்ரினிட்டி காலேஜ்ல பாத்தாங்க. அவங்க எடுத்ததும் பாலிப்ரொப்பிலீன்தான், ஃபீடிங் பாட்டில். 25 டிகிரி தண்ணில லிட்டருக்கு சுமார் 6 லட்சம் மைக்ரோபிளாஸ்டிக் துகள் (பொடிப்பொடியா உதிர்ற பிளாஸ்டிக்), 95 டிகிரில சுமார் 5.5 கோடி! டப்பா அதேதான், தண்ணியோட சூடு மட்டும்தான் மாறுச்சு. ஹோட்டல்ல அண்டால கொதிச்சுட்டு இருக்குற சாம்பார கரண்டியால மொண்டு நேரா டப்பால ஊத்தி மூடியப் போட்டு அமுக்கறாங்க, வீட்டுக்கு வந்து தொறக்கறப்போ மூடி உள்ள குழிஞ்சு டப்பா நெளிஞ்சு இருக்கும், அந்த சூட்ட யோசிச்சுப் பாருங்க. 2023ல அமெரிக்கால நெப்ராஸ்கா யுனிவர்சிட்டில குழந்தைங்க உணவு டப்பாங்கள மைக்ரோவேவ்ல 3 நிமிஷம் வெச்சுப் பாத்தாங்க, சில டப்பால ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 42 லட்சம் மைக்ரோ துகளும் 200 கோடிக்கு மேல அத விடப் பொடியான நானோ துகளும் வந்துச்சு. "மைக்ரோவேவ் சேஃப்"ங்கற வார்த்தைய நான் நம்பறத விட்டதுக்கு இதுதான் காரணம், அந்த டப்பா உருகாது, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம்.

இந்தத் துகள் உள்ள போயி என்ன பண்ணுதுங்கறது இன்னும் முழுசா முடிவாகல. 2024ல இத்தாலி டாக்டருங்க கழுத்து ரத்தக்குழாய்ல அடைப்புக்கு ஆபரேஷன் பண்ணினவங்க 257 பேரோட அடைப்ப எடுத்து சோதிச்சாங்க, அதுல 150 பேருக்குப் பாலிஎத்திலீன் துகள் இருந்துச்சு, பிளாஸ்டிக் இருந்தவங்களுக்கு அடுத்த மூணு வருஷத்துக்குள்ள ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், இல்ல மரணம் வர்ற வாய்ப்பு சுமார் நாலரை மடங்கு கூட. பிளாஸ்டிக்தான் காரணம்னு இத வெச்சு நிரூபிக்க முடியாதுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. ஆனா நிரூபணம் முழுசா வர்ற வரைக்கும் கொதிக்கிற கொழம்ப அதுலதான் ஊத்துவேன்னு அடம் பிடிக்க எனக்கு ஒரு காரணமும் தெரியல, எவர்சில்வர் பாத்திரம் நம்ம வீட்ல ஏற்கனவே இருக்குறப்போ.

கறுப்பு ட்ரே பத்தி ஒரு வார்த்தை, மீல்ஸ் அஞ்சு குழியா வருமே அது. அந்தக் கறுப்பு கலருக்கு சில சமயம் பழைய எலக்ட்ரானிக் சாமான் பிளாஸ்டிக்க ரீசைக்கிள் பண்ணிக் கலக்கறாங்க, அதுல தீப்பிடிக்காம இருக்க சேத்த கெமிக்கலும் கூடவே வருதுன்னு 2024ல ஒரு ஆய்வு வந்து பயங்கரமா பரவுச்சு. அப்புறம் பாத்தா அவங்க பாதுகாப்பு அளவக் கணக்குப் போட்டதுல ஒரு சைபர் விட்டுப் போச்சு, 4,20,000ன்னு வரணும், 42,000ன்னு போட்டுட்டாங்க, திருத்தமும் வெளியிட்டாங்க. அதனால அந்த நியூஸ்ல சொன்ன அளவுக்கு பயம் வேண்டாம், ஆனா அந்தக் கெமிக்கல் சில பொருள்ல இருந்தது உண்மைதான், நான் கறுப்பு ட்ரேய வீட்ல சேத்து வெக்கிறதில்ல.

இதவிட மோசமானது டப்பா கூட இல்ல, மெல்லிசு கவர். சாம்பார், சட்னி, சில கடைல டீ கூட, கொதிக்கக் கொதிக்க ஊத்தி ரப்பர் பேண்ட் போட்டுக் குடுக்கறது. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து சாப்பாடு கட்டற பிளாஸ்டிக் ஷீட், கேரி பேக், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் கோட்டிங் போட்ட பேப்பர் கப் எல்லாம் தடை. மஞ்சப்பை இயக்கம்னு 2021ல அரசாங்கமே ஆரம்பிச்சாங்க. ஆனா வாழ இலைக்கு பதிலா பச்சைக் கலர்ல இலை மாதிரியே பிரிண்ட் அடிச்ச ஷீட்ல சூடா இட்லி கட்டிக் குடுக்கறத இன்னும் பாக்கறேன். பேப்பர் கப்பும் பேப்பர்னு நெனச்சு நிம்மதியாயிடாதீங்க, உள்ள மெல்லிசா பிளாஸ்டிக் பூச்சு இருக்கு, 2020ல ஐஐடி கரக்பூர்ல 100 மில்லி சூடான தண்ணிய 15 நிமிஷம் வெச்சுப் பாத்ததுல சுமார் 25,000 மைக்ரோ துகள் வந்துச்சு. டீக்கடைல கண்ணாடி கிளாஸ் கேட்டு வாங்கிக் குடிங்க, டீயும் அதுலதான் ருசி.

அப்ப பார்சல் டப்பாவுக்கு என்னோட மார்க்: உலர்ந்த சாமானுக்கு, அதாவது கடுகு, வெந்தயம், பட்டன், ஊசி நூல், குழந்தைங்க கலர் பென்சில், இதுக்கெல்லாம் அஞ்சுக்கு நாலு. ஆறின தோசை மாவு ஒரு நாள் ஃப்ரிட்ஜ்ல வெக்க வேற பாத்திரம் இல்லன்னா ரெண்டு. சூடான கொழம்பு, எண்ணெய் பலகாரம், ஊறுகா, மைக்ரோவேவ் இதுக்கெல்லாம் பூஜ்யம். கடைல சூடா வந்துச்சுன்னா வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா வேற பாத்திரத்துக்கு மாத்திடுங்க, ராத்திரி பூரா அதுலயே கெடக்க விடாதீங்க. எவ்வளவு நேரம் ஒட்டிட்டு இருக்கோ அவ்வளவு எறங்கும்.

ரெண்டாவது, கண்ணாடி டப்பா. ஆன்லைன்ல மூணு சைஸ் சேந்த ஒரு செட் வாங்கினேன், 900 ரூபா கிட்ட வந்துச்சு, கம்பெனி பேர் வேண்டாம். போரோசிலிகேட் கண்ணாடி. இது சாதாரணக் கண்ணாடிய விட சூட்டுக்கு விரியறது மூணுல ஒரு பங்குதான், அதனால ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து மைக்ரோவேவ்ல வெச்சாலும் சட்டுனு வெடிக்கறதில்ல, அதுக்காக ஃப்ரீசர்ல இருந்து நேரா அடுப்புல வெச்சுடாதீங்க. வாசன ஒட்டறதில்ல, கறை இல்ல, உள்ள என்ன இருக்குன்னு தெரியுது, மீன் கொழம்பு வெச்சுக் கழுவிட்டு அடுத்த நாள் பாயசம் வெச்சாலும் ஒரு வாசமும் இல்ல. வீட்ல மீந்தது வெக்கறதுக்கும் சுட வெக்கறதுக்கும் இத விட நல்லது இல்ல.

கொறைங்க இருக்கு. மூடி பிளாஸ்டிக்தான், சுத்தி சிலிகான் ரிங். விளம்பரத்துல "100 சதவீதம் கண்ணாடி"ன்னு போட்டிருந்தாங்க, மூடிய அவங்க கணக்குல சேக்கல போல, இத நான் ஏத்துக்க மாட்டேன், மூடி என்ன பிளாஸ்டிக்னு எழுதறது அவங்க கடமை. அதனால நான் டப்பாவ விளிம்பு வரைக்கும் ரொப்பறதில்ல, ஆறின அப்புறம்தான் மூடறேன், மைக்ரோவேவ்ல வெக்கிறப்போ மூடிய எடுத்துட்டு ஒரு பீங்கான் தட்டு கவுத்துடறேன். ரிங்குக்குள்ள கொழம்பு போயி உக்காந்துக்குது, வாரத்துக்கு ஒருதரம் கழட்டிக் கழுவலன்னா கறுப்பு பூஞ்சை பிடிக்கும். நாலு கிளிப்புல ஒண்ணு சீக்கிரமே ஒடஞ்சு போச்சு, தனி மூடி கேட்டா விக்கறதில்லங்கறாங்க. அப்புறம் கனம், மூணு டப்பாவும் சாப்பாட்டோட பைல வெச்சா தோள் எறங்கிடும், எங்க சின்னவன் ஸ்கூல் பைல இத வெக்கவே முடியாது, கீழ போட்டா என்ன ஆகும்னும் தெரியும். வீட்டுக்கு அஞ்சுக்கு நாலு, ஸ்கூலுக்கு ஒண்ணு.

மூணாவது எவர்சில்வர் கேரியர். டவுன்ஹால் பக்கம் ஒரு பாத்திரக் கடைல மூணு அடுக்கு வாங்கினேன், 750 ரூபா. கடைக்காரர்ட்ட "304 இருக்குங்களாண்ணா"ன்னு கேட்டேன், "இருக்குதுங்கம்மணி, வெல கொஞ்சம் சாஸ்திங்க, எல்லாரும் 202தான் கேக்கறாங்க"ன்னாரு. 304, 202ங்கறது ஸ்டீலோட கிரேடு. 304னா சுமாரா 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், புளிக்கும் உப்புக்கும் நல்லாத் தாங்கும். 202ல நிக்கலக் கொறச்சு மாங்கனீஸ் கூட்டியிருப்பாங்க, வெல கம்மி, ஆனா உப்பும் புளியும் பட்டா சீக்கிரம் புள்ளி விழும். காந்தம் வெச்சுப் பாத்துக் கண்டுபிடிக்கலாம்னு சொல்றாங்களே, அது இந்த ரெண்டுக்கும் நடுவுல உதவாது, ரெண்டுமே பெரும்பாலும் காந்தத்துல ஒட்டாது. அடியில கிரேடு அடிச்சிருக்கா, ஐஎஸ்ஐ முத்திரை இருக்கா, பில்லுல 304ன்னு எழுதித் தர்றாங்களா, இத மூணையும் பாருங்க.

எவர்சில்வர்னா ஒண்ணுமே எறங்காதான்னா அதுவும் இல்ல, நேர்மையா சொல்லணும்ல. புது ஸ்டீல் பாத்திரத்துல தக்காளி சாஸ மணிக்கணக்கா கொதிக்க வெச்சப்போ நிக்கலும் குரோமியமும் கூடினத அமெரிக்கால ஆரிகன்ல 2013ல பாத்திருக்காங்க, ஆனா அதே பாத்திரத்துல திரும்பத் திரும்ப சமைக்கறப்போ அந்த அளவு நல்லா எறங்கிடுச்சு. அதனால புதுசு வாங்கினா மொதல்ல நாலஞ்சு தடவ தண்ணியும் கொஞ்சம் புளியும் ஊத்திக் கொதிக்கவெச்சுக் கொட்டிட்டு அப்புறம் யூஸ் பண்றேன். நிக்கல் அலர்ஜி இருக்குறவங்க, கவரிங் நகை போட்டா அரிக்குமே அவங்க, புளிசாதத்த அதுல ராத்திரி பூரா வெக்காம இருக்கறது நல்லது. கடைல இப்ப "ஸ்டீல் லஞ்ச் பாக்ஸ்"னு வெளிய கலர் கலரா விக்கறதுல நிறையது வெளிய முழுக்க பிளாஸ்டிக், உள்ள ஒரு மெல்லிசு ஸ்டீல் கிண்ணம், மூடிக்கு உள்பக்கமும் பிளாஸ்டிக், சூடான சாதத்தோட ஆவி அதுலதான் பட்டு சொட்டும். மூடியத் தொறந்து பாத்துட்டு வாங்குங்க. முழுசா ஸ்டீல் மூடி வேணும்னா பழைய டைப் சம்படம்தான், கொழம்பு கொஞ்சம் ஒழுகும், கீழ ஒரு துணி கட்டிட்டா தீந்துச்சு.

கேரியருக்கு அஞ்சுக்கு நாலரை. மைக்ரோவேவ்ல வெக்க முடியாதுங்கறதுக்கு அரை மார்க் கொறச்சேன், ஆபீஸ்ல சுட வெக்கணும்னா ஒரு பீங்கான் கிண்ணம் டிராயர்லயே வெச்சுக்கறேன்.

கர்ப்பமா இருக்குறவங்க, கைக்குழந்த இருக்குற வீடு, உங்களுக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தமா சொல்றேன். ஹார்மோன் சம்பந்தப்பட்ட கெமிக்கலோட பாதிப்பு அதிகமா கவலப்பட வேண்டியது வயித்துல இருக்குறப்பவும் மொத ரெண்டு மூணு வருஷத்துலயும்தான், அந்த நேரத்துலதான் உடம்பு உருவாகிட்டு இருக்கு. பால் பவுடர் கலக்கறதா இருந்தா கொதிச்ச தண்ணிய ஸ்டீல்லயோ கண்ணாடிப் பாத்திரத்துலயோ கலக்கி, குடிக்கற சூட்டுக்கு ஆறினதும் பாட்டில்ல ஊத்துங்க. கண்ணாடி ஃபீடிங் பாட்டில் இப்ப ஈசியா கெடைக்குது, சங்கும் பாலாடையும் நம்ம வீட்ல எப்பவும் இருக்கு. "பிபிஏ ஃப்ரீ"ன்னு போட்ட கெட்டி பிளாஸ்டிக்க நம்பி கொதி தண்ணி ஊத்தாதீங்க, சில பொருள்ல பிபிஏவுக்கு பதிலா அதோட ஒறவுக்கார கெமிக்கல் பிபிஎஸ் போடறாங்க, அதுவும் ஹார்மோன் விஷயத்துல கிட்டத்தட்ட அதே மாதிரி நடந்துக்குதுன்னு ஆய்வுங்க சொல்லுது.

தண்ணி கேன் பத்தியும் கேப்பீங்க. அடியில பிசின்னு இருந்தா பாலிகார்பனேட், வெறும் 7ன்னு இருந்தா அதுவா இருக்கலாம். குளுந்த தண்ணில மெதுவாத்தான் எறங்கும், 2008ல சின்சினாட்டில பாத்தப்போ கொதி தண்ணி பட்டதும் பிபிஏ வர்ற வேகம் 15ல இருந்து 55 மடங்கு வரைக்கும் கூடுச்சு. புதுசா இருந்தாலும் பழசா இருந்தாலும் வித்தியாசம் பெருசா இல்ல, சூடுதான் முடிவு பண்ணுச்சு. அதனால டெம்போல மத்தியான வெயில்ல நின்னுட்டு இருந்த கேன நான் வாங்கறதில்ல, காலைல வர்ற மொத லோடுல எடுத்துக்கறேன், வந்ததும் பித்தளக் கொடத்துலயும் மண் பானைலயும் ஊத்திடறேன். நிறைய பேருக்கு இது நடக்காதுன்னு தெரியும், முடிஞ்சவங்க செய்யுங்க.

இவ்வளவும் மாத்தினா ஏதாவது பலன் இருக்கான்னு சந்தேகம் வரும், எனக்கும் வந்துச்சு. 2011ல சான்பிரான்சிஸ்கோ பக்கம் 5 குடும்பத்துல 20 பேர வெச்சு ஒரு சோதனை பண்ணினாங்க. மூணு நாள் டின், பிளாஸ்டிக் எதுலயும் படாத புது சாப்பாடு குடுத்து, கண்ணாடி, ஸ்டீல்லயே வெச்சுக் குடுத்தாங்க. மூணே நாள்ல யூரின்ல பிபிஏ சராசரியா 66 சதவீதம் கொறஞ்சுது, பிளாஸ்டிக்க நெகிழ வெக்கிற டிஈஎச்பிங்கற தாலேட்டோட அளவும் பாதிக்கு மேல கொறஞ்சுது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினதும் மறுபடி ஏறுச்சு. பிபிஏ ஒடம்புல தங்கறதில்ல, ஒரு நாள்ல வெளிய போயிடும், தெனமும் புதுசா உள்ள போறதாலதான் எப்பவும் இருக்கு. நாம மாத்தினா உடனே பலன் இருக்குங்கற இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதறேன்.

கடைசியா பார்சல் வாங்கறது. எங்க தெருமுனைல ஒரு மெஸ் இருக்கு, சாயங்காலம் கேரியரோட போயி "அண்ணா, இதுலயே போட்டுக் குடுங்க"ன்னா ஒண்ணும் சொல்லாம வாங்கிக் கழுவித் தொடச்சு, சாம்பார் ஒரு அடுக்கு, கூட்டு ஒரு அடுக்கு, இட்லிய வாழ இலை போட்டு மேல வெச்சுத் தருவாரு, டப்பால போடறத விட ஒரு கரண்டி சாஸ்தியாவே விழும். அவருக்கு அஞ்சுக்கு அஞ்சு. மெயின் ரோட்ல இருக்குற ஒரு பெரிய ஹோட்டல்ல இதையே கேட்டா "எங்க சிஸ்டத்துல அப்படி இல்லைங்க மேடம்"னு சொல்லி, மொதல்ல பிளாஸ்டிக் டப்பால போட்டு, அத எங்க கேரியருக்கு மாத்தி, டப்பாவ குப்பைல போட்டுட்டு, பில்லுல பார்சல் சார்ஜ் 15 ரூபாயும் போட்டுட்டாங்க. மேனேஜர்ட்ட பேசினேன், பாத்திரம் கொண்டு வர்றவங்களுக்கு அந்த 15 ரூபாய எடுத்துடுங்க, வாசல்ல ஒரு போர்டு வெச்சுடுங்க, பாதி பேரு கேரியரோட வருவாங்கன்னு. ஓனர்ட்ட கேட்டுச் சொல்றேன்னாரு. அடுத்த வாரம் போயி மறுபடி கேப்பேன், உங்க ஏரியா ஹோட்டல்ல நீங்களும் கேளுங்க.